டிக்கெட் காசு "வசூல்" ஆகணுமா? தீம் பார்க் டூருக்கு ஒரு ஆடிட்டர் கணக்கு

கோடை லீவு பிளான் போடுற நேரம் வந்தாச்சு. சென்னையிலயும் பெங்களூருலயும் வேலை பார்க்கிற நம்ம திருநெல்வேலிப் பசங்க ஊருக்கு வந்து, அப்பா, அம்மா, அக்கா பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ஒரு தீம் பார்க் போயிட்டு வரலாம்னு யோசிப்பாங்க. நம்ம பக்கத்துல இருந்து போறவங்களுக்கு ரொம்ப வருஷமா கொச்சி வொண்டர்லாதான். 2000-ல வீகாலேண்ட்ங்கிற பேர்ல ஆரம்பிச்ச அதே பார்க். 2025 டிசம்பர்ல சென்னை பக்கம் திருப்போரூர்லயும் ஒண்ணு திறந்துட்டாங்க.

இந்தப் பதிவுல செலவை எப்படிக் குறைக்கிறதுன்னு சொல்லப் போறதில்ல. செலவு பண்ணின பிறகு அந்தக் காசே எப்படி நம்ம டூரைக் கெடுக்குதுங்கிறதுதான் விஷயம்.

வழக்கமான பிளான் இப்படி இருக்கும். ராத்திரி பாலருவி எக்ஸ்பிரஸ்ல ஏறி, செங்கோட்டை, புனலூர், கொல்லம் வழியா காலையில எர்ணாகுளம். ஸ்டேஷன்லயே பல் விளக்கி, நேரா பார்க். திரும்புற வண்டி சாயங்காலமே எர்ணாகுளத்தைத் தாண்டிடும்கிறதால நாலரை, அஞ்சு மணிக்கெல்லாம் வெளியே. ரூம் வாடகை மிச்சம், லீவும் ஒரே நாள்தான். நீங்க, அப்பா, அம்மா, அக்கா பையன்னு நாலு பேர். டிரெயின் போக வர 5,500, நுழைவு டிக்கெட் ஆளுக்கு 1,500 வீதம் 6,000, டாக்ஸி 1,500, சாப்பாடு 2,000. மொத்தம் 15,000 ரூபாய். (இதெல்லாம் கணக்குக்காக நான் வச்சுக்கிட்ட தொகை. பார்க் டிக்கெட் நாளுக்கு நாள், உயரத்துக்கு உயரம் மாறும்.)

உள்ளே போன உடனே நம்ம மனசுக்குள்ள ஒரு கால்குலேட்டர் ஓட ஆரம்பிச்சிடும். 1,500 ரூபாய், அஞ்சு ரைடு போனா ரைடுக்கு 300 ரூபாய். பதினஞ்சு போனா 100 ரூபாய்தான். அப்போ எவ்வளவு அதிகமா போறோமோ அவ்வளவு லாபம்! கணக்கு கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதே கணக்குதான் முட்டி வலிக்கிற அம்மாவைப் பார்க்கோட ஒரு முனையில இருந்து இன்னொரு முனைக்கு ஓட வைக்குது. "அடுத்தது, அடுத்தது"ன்னு பையனைத் தரதரன்னு இழுக்க வைக்குது.

சிஏ படிச்சவங்களுக்குக் காஸ்டிங் பாடத்துல சொல்லிக் கொடுக்கிற ஒரு விஷயம்: ஏற்கெனவே செலவாகி, திரும்ப வராத காசை அடுத்த முடிவுல சேர்க்கவே கூடாது. அதுக்குப் பேர் சங்க் காஸ்ட். கேட்டைத் தாண்டின நிமிஷமே அந்த 6,000 ரூபாய் போயிடுச்சு. அஞ்சு ரைடு போனாலும் பதினஞ்சு போனாலும் ஒரு ரூபாய் கூடத் திரும்ப வராது. அதனால உள்ளே கேட்க வேண்டிய கேள்வி "காசு வசூலாச்சா?" இல்ல. "இப்போ இந்த ஒரு மணி நேரத்தை எப்படிக் கழிச்சா நல்லா இருக்கும்?" அவ்வளவுதான்.

தெரிஞ்சிருந்தாலும் மனசு கேட்காது. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1985-ல வெளியிட்ட ஒரு பரிசோதனை இருக்கு. அமெரிக்காவுல ஓஹையோ பல்கலைக்கழக நாடகங்களுக்கு சீசன் டிக்கெட் வாங்க வந்தவங்கள்ல, சிலருக்கு மட்டும் குலுக்கல் மாதிரி தள்ளுபடி கொடுத்தாங்க. சீசனோட முதல் பாதியில, முழு விலை கொடுத்தவங்கதான் அதிக நாடகங்களுக்கு வந்தாங்க. நாடகம் எல்லாருக்கும் ஒண்ணுதான். காலைக் கிளப்பி இழுத்துட்டு வந்தது கொடுத்த காசு.

இன்னொரு கதையும் சொல்லணும், இது தீம் பார்க்கோட கதையே. கலிஃபோர்னியாவுல டிஸ்னிலேண்ட் 1955-ல திறந்தப்போ, நம்ம ஊர் பொருட்காட்சித் திடல்ல ராட்டினத்துக்குத் தனி, டோரா டோராவுக்குத் தனின்னு டிக்கெட் வாங்குவோமே, அது மாதிரிதான் இருந்துச்சு. உள்ளே நுழைய ஒரு காசு, ஒவ்வொரு ரைடுக்கும் தனிக் காசு. கொஞ்ச நாள்ல டிக்கெட் புத்தகம் வந்துச்சு. சின்ன ரைடுக்கு 'ஏ' டிக்கெட், 1959-க்கு அப்புறம் பெரிய ரைடுக்கு 'ஈ' டிக்கெட். 1982-ல அதை எல்லாம் நிறுத்திட்டு, ஒரே டிக்கெட், எத்தனை ரைடு வேணும்னாலும் போய்க்கோன்னு மாத்திட்டாங்க. இப்போ நாம போற பார்க் எல்லாம் பெரும்பாலும் இந்த மாடல்தான்.

இங்க என்ன மாறுச்சுன்னு பாருங்க. தனித்தனி டிக்கெட் இருந்தப்போ, "இதுக்கு இவ்வளவு கொடுக்கலாமா?"ன்னு ஒரு நிமிஷம் யோசிப்போம். ஒரே டிக்கெட் ஆனதும் ரைடு இலவசம் மாதிரி தெரியுது, ஆனா இலவசம் இல்ல. விலையை ரூபாய்ல வாங்காம நேரத்துல வாங்குறாங்க. மூணு நிமிஷ ரோலர் கோஸ்டருக்கு 50 நிமிஷம் வரிசைன்னா அதோட விலை 50 நிமிஷம். அலைக் குளத்துக்கு வரிசையே இல்ல, ஒரு மணி நேரம் கிடக்கலாம். அதை "சும்மா தண்ணிதானே"ன்னு விட்டுட்டு வரிசைக்கு ஓடுறோம்.

குற்றாலத்துல இந்தப் பிரச்சினை வர்றதே இல்ல, கவனிச்சிருக்கீங்களா? சாரல் சீசன்ல ஐந்தருவியிலயும் கூட்டம்தான், வரிசைதான். ஆனா தலை காஞ்சதும் இன்னொரு தடவை அருவிக்குப் போவோம், பசிச்சா வெளியே வந்து பார்டர் பரோட்டா சாப்பிடுவோம், அப்பா படியில உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாலும் "அவருக்கு வந்த காசு வேஸ்ட்"னு யாரும் நினைக்கிறதில்ல. ஏன்னா அருவிக்குக் கொடுத்த காசுன்னு ஒண்ணு மனசுல இல்ல. என் கணக்குப்படி கேட்டுக்கு உள்ளே வொண்டர்லாவும் குற்றாலமும் ஒண்ணுதான். ரெண்டு இடத்துலயும் அடுத்த நிமிஷத்துக்கு எக்ஸ்ட்ரா காசு கிடையாது.

சரி, காசு போட்டு டூரை நிதானமாக்கணும்னா எங்க போடுறது? நிறைய பேர் வரிசையைத் தாண்டிப் போற ஃபாஸ்ட் டிராக் டிக்கெட்டைத்தான் யோசிப்பாங்க. அதுக்கு ஆளுக்கு இன்னொரு 1,500 ஆகும்னு வச்சுக்கிட்டா, நாலு பேருக்கு 6,000. அதே சமயம் ஒரு ராத்திரி கொச்சியில தங்கினா ரெண்டு ரூம் 4,000, கூடுதல் சாப்பாடு 1,000, ஆக 5,000 ரூபாய். முதல் 15,000 எப்படியும் ஆகிற செலவு. மேல 5,000 போட்டா பார்க் மூடுற வரைக்கும் அவசரமில்லாம இருக்கலாம், நல்ல தூக்கம் கிடைக்கும், மறுநாள் சாயங்காலம் வரைக்கும் முழுப் பகல் கையில இருக்கும். 2023 ஏப்ரல்ல இருந்து ஓடுற வாட்டர் மெட்ரோவுல ஏறிக் காயலைச் சுத்திப் பார்க்கிறது, ரைடே ஏற முடியாத அப்பா அம்மாவுக்கு அந்த டூர்லயே பிடிச்ச பகுதியா அமையலாம். நாலு பேருக்கும் ஃபாஸ்ட் டிராக் வாங்குறதுல எனக்கு உடன்பாடே இல்ல. பெரிய ரைடுக்குத் துடிக்கிற ரெண்டு பேருக்கு, கூட்ட நாள்ல, வாங்கினா சரி.

பெரிய ரைடுகளுக்கு உயரக் கட்டுப்பாடு இருக்கும். இதயப் பிரச்சினை, முதுகுவலி இருக்கிறவங்களையும் ஏத்த மாட்டாங்க. அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே பார்க் வெப்சைட்டைப் பையனோட உட்கார்ந்து பாருங்க, ஆளுக்கு ஒரு ரைடு தேர்ந்தெடுக்கச் சொல்லுங்க, அம்மாவையும் சேர்த்து. அந்த நாலும் கட்டாயம், மத்தது கிடைச்சா போனஸ். லாக்கருக்கு ஒரு வாடகை கொடுத்துடுங்க. சின்னத் தொகையை மிச்சம் பிடிக்கிறோம்னு அம்மாவை நாள் முழுக்க நாலு பேர் பையைக் காவல் காக்க உட்கார வைக்கிறது ரொம்ப காஸ்ட்லியான சிக்கனம்.

வரி விஷயத்தைச் சுருக்கமா சொல்லிடுறேன். பார்க் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 18%. 2018 ஜனவரி வரைக்கும் 28% இருந்துச்சு. வரியோட சேர்த்து 1,500 ரூபாய்னா அதுல சுமார் 229 ரூபாய் அரசாங்கத்துக்கு. எல்டிஏ இருக்கிறவங்க, பழைய வரி முறையில இருந்தா மட்டும்தான் விலக்கு, அதுவும் பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான். ரூம், சாப்பாடு, பார்க் டிக்கெட் எதுவும் வராது. உங்களை நம்பி இருக்கிற அப்பா அம்மாவோட டிரெயின் டிக்கெட் வரும், அக்கா பையனோடது வராது.

20,000 ரூபாயை கிரெடிட் கார்டு இஎம்ஐயில போடாதீங்க. மாசம் 2,000 வீதம் பத்து மாசம் ஆர்டி போட்டா போதும். இந்த வருஷத்துக்கு லேட்டுன்னா, இந்த வருஷம் குற்றாலம், அடுத்த வருஷம் கொச்சி.

டிரெயின் முன்பதிவு 2024 நவம்பர்ல இருந்து 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது. வார இறுதிக் கூட்டத்தைத் தவிர்க்க, மே 18 திங்கக்கிழமை ராத்திரி கிளம்புறதா இருந்தா மார்ச் 19 காலை 8 மணிக்குப் போக வேண்டிய டிக்கெட். திரும்புற டிக்கெட்டை 19-ந்தேதிக்குப் போடாம 20-ந்தேதி சாயங்காலத்துக்குப் போடுங்க, அதுக்கு மார்ச் 21 காலை 8 மணி. அப்பா அம்மாவுக்கு லோயர் பெர்த் கோட்டாவுல தனியா புக் பண்ணுங்க. 60 வயசு தாண்டின ஆண்களுக்கும் 45 தாண்டின பெண்களுக்கும் அது உண்டு.