கை மாறும் டிக்கெட்

சென்னை மாநகரப் பேருந்தில் கண்டக்டர் பெரும்பாலும் தன் இடத்தை விட்டு எழுவதில்லை. பின்படிக்கட்டை ஒட்டி அவருக்கென்று ஓர் இருக்கை உண்டு. வெளியூர்ப் பேருந்துகளில் கண்டக்டர்தான் கூட்டத்துக்குள் புகுந்து, முன்னும் பின்னும் போய்வந்து டிக்கெட் போடுவார். சென்னையில் காசு அவரைத் தேடிப் போகிறது. முன்படிக்கட்டில் ஏறியவர் இருபது ரூபாய் நோட்டை நீளவாக்கில் மடித்து, அருகில் நிற்பவரின் தோளைத் தொட்டு, "ரெண்டு அடையார், கொஞ்சம் பாஸ் பண்ணுங்க" என்கிறார். அவர் திரும்பிப் பார்க்காமலே வாங்கி அடுத்தவருக்குத் தள்ளுகிறார். "ரெண்டு அடையார்" என்ற சொல்லும் நோட்டோடு சேர்ந்தே போகிறது. ஏழெட்டுக் கைகள் தாண்டிக் கண்டக்டரை அடைந்த பணம், டிக்கெட்டாகவும் சில்லறையாகவும் அதே வழியில் திரும்புகிறது. வரும்போது டிக்கெட் நாணயத்தின் மேல் சுற்றியிருக்கும். நாணயம் நழுவாமலிருக்க அதுவே வழி.

இந்த ஏற்பாட்டில் முழுப் பாதையும் யாருக்கும் தெரியாது. கண்டக்டருக்குக் காசு கொடுத்தவரின் முகம் தெரியாது. நடுவில் நிற்பவருக்கு இந்தப் பக்கம் ஒருவரையும் அந்தப் பக்கம் ஒருவரையும் மட்டுமே தெரியும். ஒவ்வொருவரும் தனக்கு யார் கொடுத்தார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், டிக்கெட் சரியான கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அறிமுகமில்லாத எட்டுப் பேரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு ஒருவர் நிம்மதியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பது சாதாரணக் காரியம் அல்ல. எந்த விதிப்புத்தகத்திலும் எழுதப்படாத இந்த நம்பிக்கையில்தான் நெரிசல் நேரத்துப் பேருந்து ஓடுகிறது.

இந்த நகரத்துக்குப் பொதுப் போக்குவரத்துப் பழக்கம் பழையது. 1895-இல் இங்கே மின்சார டிராம் ஓடத் தொடங்கியது, 1953-இல் நின்றது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் 1931-இலேயே வந்துவிட்டது. நாற்பதுகளின் இறுதியில் பேருந்துகளை அரசு ஏற்று நடத்தத் தொடங்கியது. 1972 ஜனவரியில் பல்லவன் போக்குவரத்துக் கழகம் உருவானது. இடையில் வடசென்னைக்கென்று டாக்டர் அம்பேத்கர் பெயரில் ஒரு கழகம் பிரிந்து, 2001-இல் இரண்டும் இணைந்து மாநகரப் போக்குவரத்துக் கழகம் ஆயின. பல்லவன் என்ற பெயர் மாறி இத்தனை ஆண்டுகள் ஆன பின்னும், வயதானவர்கள் பேச்சில் அது இன்னும் 'பல்லவன் பஸ்'தான்.

பேருந்துக்குள் இடது பக்க இருக்கைகள் மகளிருக்கு, வலது பக்கம் ஆண்களுக்கு என்பது சென்னை வழக்கம். பெண்கள் முன்படிக்கட்டிலும் ஆண்கள் பின்படிக்கட்டிலும் ஏறுவதும் அப்படித்தான். கண்டக்டர் பின்னால் உட்கார்ந்திருப்பதால், முன்னால் ஏறிய பெண்கள் அத்தனை பேரின் காசும் ஆண்கள் நிற்கும் பகுதியைக் கடந்துதான் போக வேண்டும். டிக்கெட்டைக் கை மாற்றும் பழக்கம் இவ்வளவு ஆழமாக வேரூன்ற இது ஒரு முக்கியக் காரணமாக இருக்க வேண்டும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் டிக்கெட் உண்டு. எத்தனை பேர் பயணம் செய்தார்கள் என்ற கணக்கு அந்தச் சீட்டில்தான் இருக்கிறது. அதைக் கொண்டே கழகத்துக்கு அரசு ஈடு செய்கிறது. காசு போகாவிட்டாலும் சீட்டு கை மாறி முன்னால் வந்துகொண்டுதான் இருக்கிறது. வேலைக்குப் போகும் ஒரு வீட்டுப் பணிப்பெண்ணுக்கு இரண்டு பேருந்து மாறிப் போவது இப்போது செலவுக் கணக்கில் வராது. ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்த காசும், அதை மிச்சம் பிடிக்க நடந்த தூரமும் பலருக்குக் குறைந்திருக்கின்றன.

சில்லறைதான் பேருந்தின் தீராத தகராறு. குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். காலை முதல் நடையிலேயே நூறு ரூபாய் நோட்டுகள் வரிசையாக நீளும். கண்டக்டரிடம் சில்லறை இல்லையென்றால், தர வேண்டிய பாக்கியை டிக்கெட்டின் பின்புறம் பேனாவால் எழுதித் தருவார். வெறும் ஓர் எண், அவ்வளவுதான். கையெழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. இறங்கும் முன் அதைக் காட்டினால் பணம் வரும். அவசரத்தில் காட்ட மறந்து இறங்கியவருக்கு மனம் நாள் முழுதும் அடித்துக்கொள்ளும். இதில் பயணியின் எரிச்சல் நியாயமானது. ஆனால் கண்டக்டரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். டிப்போவுக்குத் திரும்பியதும் விற்ற டிக்கெட்டுக்கும் கையிலுள்ள பணத்துக்கும் கணக்கு ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் அவர் கையிலிருந்துதான் போகும். காகித டிக்கெட் கட்டுகள் இருந்த காலத்தில் ஒவ்வொரு ஸ்டேஜிலும் டிக்கெட் எண்ணை வேறு தாளில் எழுதியாக வேண்டும். பள்ளத்தில் குதித்து ஓடும் வண்டியில், கூட்டத்துக்கு நடுவே, முழங்காலில் அட்டையை வைத்து எழுதிய எழுத்து அது.

ஓட்டுநருக்கும் கண்டக்டருக்கும் இடையிலான பேச்சு விசிலில் நடக்கிறது. ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு என்றால் கிளம்பு. பின்னால் இருப்பவருக்கு முன்படிக்கட்டு தெரியாது. அங்கே ஒரு பாட்டி இன்னும் ஒரு காலைத் தரையில் வைக்கவில்லை என்பதைப் பயணிகள்தான் குரல் கொடுத்துச் சொல்ல வேண்டும். "ஆள் இறங்குது, நிறுத்துப்பா!" என்று நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள்.

நிறுத்தங்களின் பெயர்களில் பழைய சென்னை அப்படியே இருக்கிறது. எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி ஸ்டுடியோ மறைந்து பல காலம் ஆகிறது. அங்கே 1973-இல் திறந்த பாலத்துக்கு அரசு வைத்த பெயர் அண்ணா மேம்பாலம். கண்டக்டர் கூவுவதும் பயணி கேட்பதும் 'ஜெமினி'தான். பிரகாசம் சாலை என்று பலகையில் இருக்கும் தெரு, பேச்சில் பிராட்வே. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மதராஸுக்கு வணிகம் செய்ய வந்த தாமஸ் பாரி என்பவரின் பெயர் பாரிமுனையாகத் தமிழாகி, தினமும் லட்சம் வாய்களில் புரள்கிறது. அரசாணையைவிட டிக்கெட் கேட்கும் வாய்க்கு நினைவாற்றல் அதிகம். வண்டியின் எண்ணும் அப்படித்தான். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் வண்டியை யாரும் ஊர்ப்பெயரால் சொல்வதில்லை. அது 'ட்வென்டி நைன் சி'. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கூடத் தூரத்தில் வரும் பலகையின் எண்ணை வடிவத்தை வைத்தே பிடித்துவிடுவார். பாதி வழியில் திரும்பும் வண்டி 'கட் சர்வீஸ்'. அது தெரியாமல் ஏறிய புது ஆளை உடனே நான்கு பேர் எச்சரித்து இறக்கிவிடுவார்கள்.

இருக்கைக்கும் எழுதாத சட்டங்கள் உண்டு. புறப்படும் இடத்தில் வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியே கைக்குட்டையோ துண்டோ இருக்கையில் விழும். விழுந்த துண்டுக்குப் பெரும்பாலும் மரியாதை உண்டு. உட்கார்ந்திருப்பவரிடம் "எங்க இறங்குறீங்க?" என்று கேட்பது உரிமை கோருவதற்குச் சமம். அந்த இருக்கை காலியானால் கேட்டவருக்கே. இவற்றில் மிக அழகானது பை வாங்கும் வழக்கம். நிற்கும் பள்ளிப் பிள்ளையின் முதுகிலிருந்து கனத்த பையை, உட்கார்ந்திருக்கும் அம்மா "குடு கண்ணு" என்று தானே கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். சில சமயம் ஒரே மடியில் மூன்று பைகளும் ஒரு சாப்பாட்டுக் கூடையும் இருக்கும். இறங்கும் இடம் வந்ததும் பை தானாகக் கைக்கு வந்துசேரும். அந்த இருவரும் மறுபடி சந்திக்காமலே போகலாம்.

படிக்கட்டுப் பயணம் மட்டும் எந்த வகையிலும் ஏற்க முடியாதது. கதவுக்கு மேல் எச்சரிக்கை எழுதியிருக்க, அதன் கீழேயே பையன்கள் ஒரு காலைத் தொங்கவிட்டு வருவார்கள். உள்ளே நடுவில் இடம் இருந்தாலும் வாசலில் நிற்பது வீரமாகத் தோன்றும் வயது. கண்டிக்கும் கண்டக்டர் சண்டையில் சிக்குவதும், விழுந்த பிள்ளையின் வீடு அழுவதும் இந்நகரம் பலமுறை பார்த்தவை. தானாக மூடும் கதவுள்ள வண்டிகள் வந்தபின் அந்த வழித்தடங்களில் இது அடங்கியிருக்கிறது. 2024-இல் வந்த தாழ்தளப் பேருந்துகளிலும், 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடியிலிருந்து ஓடத் தொடங்கிய மின்சாரப் பேருந்துகளிலும் கதவு மூடாமல் வண்டி நகராது. சக்கர நாற்காலியில் வருபவர் பிறர் தூக்கிவிடாமல் ஏற முடிவதும் இவற்றில்தான். பல பத்தாண்டுகள் தாமதமாக வந்த நீதி அது.

காசு கொடுக்கும் முறையும் மாறிக்கொண்டிருக்கிறது. 2025 ஜனவரி முதல் மெட்ரோ ரயிலில் செல்லும் சிங்காரச் சென்னை அட்டையையே பேருந்திலும் கண்டக்டரின் டிக்கெட் கருவியில் வைத்துக் கட்டணம் செலுத்தலாம். செல்போனால் ஸ்கேன் செய்தும் கொடுக்கலாம். சில்லறைத் தகராறுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் அட்டையையும் போனையும் ஐந்து ரூபாய் நாணயத்தைப் போல முன்பின் தெரியாத எட்டுப் பேர் கையில் கொடுத்தனுப்ப யாருக்கும் மனம் வராது. கருவியும் பயணியும் அருகருகே இருந்தாக வேண்டும். அதனால் போனை நீட்டும் ஆள் முன்னால் நின்றால், கண்டக்டர் கருவியோடு எழுந்து வருகிறார், அல்லது பயணி கூட்டத்தைப் பிளந்து பின்னால் போகிறார். அவருக்கு வழிவிட ஒதுங்கி நிற்பவரின் கையில், யாருடையதோ மடித்த பத்து ரூபாய் நோட்டு ஒன்று, "ஒரு லஸ்" என்ற சொல்லோடு, காத்திருக்கிறது.