டெபிட்டில் பனி... கிரெடிட்டில் முதுகு!

‘வாசலைச் சுத்தம் பண்றதெல்லாம் ஒரு வேலையா சார்?’ என்று கேட்கிற ஆசாமியா நீங்கள்? 2019 ஜனவரி வரை நானும் உங்கள் கட்சிதான்.

கனடாவில் டொரன்டோ நகரத்தின் கிழக்குப் பக்கம் ஸ்கார்பரோ. நம்ம பாஷை காதில் விழாமல் அங்கே ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்க முடியாது. அங்கேதான் அக்காவும் அத்தானும் வீடு வாங்கியிருக்கிறார்கள். ஜனவரியில் டிக்கெட் மலிவாகக் கிடைத்ததே என்று கிளம்பிவிட்டேன். ஏன் மலிவு என்று யோசித்திருக்க வேண்டாமா? பி.காம். படித்தவன் மலிவைப் பார்த்தால் யோசிக்க மாட்டான்.

ஜனவரி கடைசியில் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் பனி கொட்ட ஆரம்பித்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, கையில் காபியோடு, “அடடா... பஞ்சு மாதிரி இருக்கே!” என்று ரசித்தேன். அத்தான் மட்டும் ரசிக்கவில்லை. வட்டிக்காரன் படியேறி வருவதைப் பார்க்கிற மாதிரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்ளே, காலைல ஆறு மணிக்கு எழுந்திரு. டிரைவ்வே அள்ளணும்.”

டிரைவ்வே என்பது தெருவிலிருந்து கார் ஷெட் வரைக்கும் போகிற, வீட்டுக்குச் சொந்தமான தார்ப்பாதை. வீடு வாங்கும்போது ‘ரெண்டு கார் நிக்குமாக்கும்’ என்று பெருமையாகத்தான் இருக்கும். பெருமைக்கான பில் பனிக்காலத்தில் வரும்.

விடிந்ததும் அத்தான் ஸ்கேலைச் செருகிப் பார்த்தார். 25 சென்டிமீட்டர். எனக்குள் இருந்த காமர்ஸ் கிராஜுவேட் விழித்துக்கொண்டான். பாதை 5 மீட்டர் அகலம், 12 மீட்டர் நீளம். உயரம் கால் மீட்டர். ஆகமொத்தம் 15 கன மீட்டர். புதுப் பனி லேசாக இருந்தாலே கன மீட்டருக்கு 100 கிலோ தேறும். அப்படியென்றால் 1,500 கிலோ! முப்பது சிமென்ட் மூட்டை! ஒரு தடவைக்கு 5 கிலோ அள்ளினால் 300 தடவை குனிந்து நிமிர வேண்டும். ஈரப்பனியாக இருந்தால் இதைப் போல இரண்டு, மூன்று மடங்கு. நேற்று ‘பஞ்சு’ என்று சொன்ன வாயைத் துணி போட்டு மூடிக்கொண்டேன். குளிருக்கும்தான்.

உள்ளே ஒரு பேன்ட், மேலே ஒரு பேன்ட், ரெண்டு சாக்ஸ், ஸ்வெட்டர், கோட்டு, குல்லாய், கையுறை என்று மாட்டிக்கொள்ளக் கால் மணி நேரம். எல்லாம் மாட்டி முடித்ததும் பாத்ரூம் வந்தது. அந்தச் சோகத்தை விடுங்கள்.

பனி அள்ளுகிற கருவிக்கு ஷவல் என்று பெயர். முறத்துக்கு நீளமாகக் கைப்பிடி வைத்த மாதிரி இருக்கும். நான் அதை வயலில் மண்வெட்டி பிடிக்கிற தோரணையில் ஓங்கினேன். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துப் பெரியவர் பார்த்துவிட்டார். முப்பது வருஷப் பனி பார்த்த மனுஷன்.

“தம்பி, உதென்ன கொத்துறியள்? தூக்காதேங்கோ. தள்ளுங்கோ! தூக்கத்தான் வேணுமெண்டால் முழங்காலை மடக்குங்கோ. முதுகைத் திருப்பி எறியாதேங்கோ, காலைத் திருப்புங்கோ.”

கூடவே இன்னொரு ரகசியமும் சொன்னார். ஷவலில் கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவினால் பனி ஒட்டாமல் வழுக்கி விழுமாம். தோசைக்கல் தத்துவம்! தடவினேன், நிஜமாகவே விழுந்தது.

சரி, தள்ளிய பனியை எங்கே போடுவது? நம்ம வழக்கப்படி ரோட்டைப் பார்த்தேன். “அது சட்டப்படி குத்தம் மாப்ளே” என்றார் அத்தான். நம்ம புல்தரையில்தான் குவிக்க வேண்டும்.

முக்கால் மணி நேரத்தில் பாதை பளிச்சென்று ஆனது. நாங்கள் இருவரும் இடுப்பில் கைவைத்து, தாஜ்மகாலைக் கட்டி முடித்த ஷாஜகான் மாதிரி நின்றோம். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ரோட்டுப் பனியை ஒதுக்குகிற முனிசிபாலிட்டி வண்டி. முன்னால் பெரிய இரும்புத் தகடு. தெருவைச் சுத்தமாக்கிக்கொண்டே போனது. ஒதுக்கிய பனியையெல்லாம் எங்கள் வாசலுக்குக் குறுக்கே ஒரு வரப்பாகக் கட்டிவிட்டு, ஒரு ஸாரிகூடச் சொல்லாமல் போயே போய்விட்டது! தெரு கணக்கில் கிரெடிட் ஆனது, எங்கள் கணக்கில் டெபிட் ஆகிவிட்டது. இரட்டைப் பதிவு முறையை இவ்வளவு கச்சிதமாக எந்த வாத்தியாரும் எனக்கு விளக்கியதில்லை.

அந்த வரப்பு பஞ்சு ரகம் இல்லை. ரோட்டுச் சேறும் ஐஸ் கட்டியும் சேர்ந்து இறுகின கல். சில தெருக்களில் அந்த வரப்பைத் திறந்துவிட முனிசிபாலிட்டியே இன்னொரு மெஷின் அனுப்பும். ஆனால் அது வரும்போதுதான் வரும். அத்தானுக்கோ ஒன்பது மணிக்கு ஆபீஸ்.

“நீ தள்ளு மாப்ளே, உனக்குப் பழக்கமில்லை” என்று ஷவலைப் பிடுங்கிக்கொண்டு அவரே இறங்கினார். வயசு 46. வருஷத்தில் பத்து மாசம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே இருக்கிற மனுஷன். வேகமாக ஒரு இருபது தடவை எடுத்திருப்பார். நின்றார். ஷவலை ஊன்றிக்கொண்டார். அந்தக் குளிரில் நெற்றியில் வேர்த்திருந்தது.

“என்ன அத்தான்?”

“ஒண்ணுமில்ல... வாயு. நேத்து உருளைக்கிழங்கு.”

கையால் நெஞ்சைத் தடவிக்கொண்டார். இடது தோளை ஒரு மாதிரி உருட்டினார். அக்கா ஓமத்தண்ணி கொண்டுவர உள்ளே ஓடினாள். நான் மரம் மாதிரி நின்றேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் அது வாயு என்றுதான் தோன்றியது. நம்ம வீடுகளில் ஆம்பளைக்கு நெஞ்சு வலித்தால் வாயுவைத் தவிர வேறு வியாதி ஏது?

பெரியவர்தான் வேலியைத் தாண்டி வந்தார். “வாயுவோ வேறென்னவோ, அதை அவங்கள் வந்து பார்க்கட்டும். தம்பி, முதல்ல 911க்கு அடியுங்கோ!”

அடித்தேன். ஆம்புலன்ஸ் வந்தது. வண்டிக்குள்ளேயே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். எடுத்தவர் முகத்தைப் பார்த்ததும், கையில் ஓமத்தண்ணி டம்ளரோடு நின்ற அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் ஸ்ட்ரெச்சர் உள்ளே போக வழி கேட்டபோது ஒரு விஷயம் உறைத்தது. அந்த வரப்பில் அத்தான் வெட்டியிருந்த இடைவெளி வழியாகத்தான் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ரத்தக்குழாயில் அடைப்பு. அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

அப்புறம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1995ல் அமெரிக்காவில் பாரி ஃபிராங்க்ளின் என்கிற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் பத்து ஆண்களைப் பனி அள்ளவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கிழவர்கள் இல்லை சார், முப்பதுகளில் இருந்தவர்கள்! நோய் நொடி கிடையாது, உடற்பயிற்சியும் கிடையாது. அதாவது நீங்களும் நானும். இரண்டே நிமிஷத்தில் அவர்கள் இதயத்துடிப்பு உச்சபட்ச அளவில் 85 சதவீதத்தைத் தாண்டிவிட்டதாம்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையிலான கணக்கை எடுத்து, 2017ல் வெளியிட்டார்கள். 20 சென்டிமீட்டர் பனி கொட்டினால், மறுநாள் ஆண்கள் மாரடைப்பில் சாகிற வாய்ப்பு பனியில்லாத நாளைவிட 34 சதவீதம் அதிகம். பெண்களுக்கு அப்படித் தெளிவாக எதுவும் தென்படவில்லை. ஷவலைப் பிடுங்கிக்கொண்டு இறங்குகிற வீரம் நம்ம பக்கம்தானே இருக்கிறது!

காரணமும் ரொம்பச் சிம்பிள். குளிர்காற்று ரத்தக்குழாய்களைச் சுருக்கும். பிரஷர் ஏறும். கால் அசையாமல் நிற்க, கை மட்டும் பாரம் தூக்கும். தூக்கும்போது நம்மை அறியாமல் மூச்சைப் பிடிப்போம். இத்தனையும் விடிகாலையில், தூங்கி எழுந்த உடம்போடு.

மறுநாள் மைனஸ் 20. அக்கா ஆஸ்பத்திரிக்குப் போக கார் வெளியே வந்தாக வேண்டும். அள்ளாமல் விட்ட இடத்தில் டயர் ஏறி, பனி கண்ணாடியாக இறுகியிருந்தது. உப்பு மூட்டையைப் பிரித்துப் பாதியைக் கொட்டினேன். குல்ஃபிக்காரர் பானையில் ஐஸோடு உப்பைப் போடுவாரே, அதே சங்கதிதான். தண்ணீர் உறைகிற அளவை உப்பு கீழே இறக்கும். ஆனால் ஐஸ் அசையவில்லை.

“மைனஸ் பத்துக்குக் கீழ போனால் சாதா உப்பு வேலை செய்யாது தம்பி. கல்சியம் குளோரைட் வாங்க வேணும். இண்டைக்கு மணலைத் தூவுங்கோ, சறுக்காது” என்றார் பெரியவர். நான் கொட்டிய உப்பு மூட்டை முழுக்க நஷ்டக் கணக்கு. வசந்தகாலத்தில் அந்த இடத்துப் புல் கருகிப்போனதாக அக்கா போனில் சொன்னாள்.

பத்து நிமிஷம் தள்ளினேன், ஐந்து நிமிஷம் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. ஆகட்டுமே! பெரியவர் தன் பங்குக்குப் பனியைக் குழாய் வழியாகப் பீய்ச்சியடிக்கிற ஸ்னோ ப்ளோயர் மெஷினைக் கொண்டுவந்து வரப்பை உடைத்துக் கொடுத்தார். 1925ல் ஆர்தர் சிகார் என்கிற கியூபெக்காரர் கண்டுபிடித்த சமாச்சாரம். குழாயில் பனி அடைத்தபோது நான் கையை விட்டு நோண்டப் போனேன். “கையை எடுங்கோ!” என்று அலறிவிட்டார். எஞ்சினை அணைத்தபிறகும் உள்ளே பிளேடு முறுக்கிக்கொண்டு நிற்குமாம். அடைப்பு விட்டதும் சுற்றுமாம். குச்சியால்தான் குத்த வேண்டும்.

ஐந்தாம் நாள் அத்தான் வீடு திரும்பினார். பனி அள்ள சீசனுக்கு ஆள் வைக்கலாம் என்று ரெண்டு வருஷமாக அக்கா சொல்லிக்கொண்டிருந்தாளாம். “தண்டச் செலவு” என்று மறுத்தவர், இந்தத் தடவை பேசாமல் கார்டை எடுத்து நீட்டினார்.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மறுபடி பனி. காலையில் ஆள் வந்தான். அத்தான் ஸ்வெட்டரும் ஹார்லிக்ஸுமாக ஜன்னலோரம். பையன் பாதையைப் பளிச்சென்று ஆக்கிவிட்டு வண்டியில் ஏறப்போகும் நேரம், தெருமுனையில் அந்தச் சத்தம்.

“மாப்ளே, ஓடிப்போய் அவனை நிறுத்து!” என்றார் அத்தான், குழந்தை மாதிரிச் சிரித்துக்கொண்டு. “வரப்பு இப்பத்தான் வருது!”