ஓடுவதும் நிற்பதும் அவன் பெயரால்



வவுனியாவிலிருந்து மன்னார் செல்லும் வீதியில் இருக்கிறது பூவரசங்குளம். குளமும் வயலும் காடும் சூழ்ந்த ஊர். இங்கு பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் எனக்கு, சென்ற பாடசாலை விடுமுறையில் குடும்பத்தோடு கற்பிட்டிக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கே உறவினர் ஒருவர் தமது மீன்பிடிப் படகில் எங்களை ஏற்றிக் களப்புக்குள் கொண்டுபோய், ஒரு பகல் முழுவதும் நங்கூரமிட்டு நிறுத்தினார். நாங்கள் எங்கும் போகவில்லை. ஒரு மீனும் பிடிக்கவில்லை. ஆனாலும் பல பயணங்களில் கிடைக்காத படிப்பினை அந்த ஒரு பகலில் கிடைத்தது.

முதலில் என் உம்மா படகில் ஏற மறுத்துவிட்டார்கள். காரணம் உங்களில் பலருக்குத் தெரிந்ததே. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளின் கட்டளையால் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் பிறந்த மண்ணை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். மன்னார் தீவைச் சேர்ந்த பலர் படகுகளில் இதே கற்பிட்டிக் கரைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். எனக்கு அப்போது பத்து வயது. உம்மாவின் மடியில் தங்கை. கையில் ஒரு துணிப்பை. அதன்பின் ஓலைக் கொட்டில் வாழ்க்கை, வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை என்று காலம் ஓடியது. உம்மா மீண்டும் ஒரு படகில் கால் வைக்கவே இல்லை.

"இது எங்கயும் போகாது வாப்பும்மா, சும்மா நிக்கத்தான் போகுது" என்றாள் என் மகள். அந்த ஒரு சொல்லுக்காக உம்மா ஏறினார்கள்.

கரை சற்றுத் தூரமானதும் உறவினர் இயந்திரத்தை நிறுத்தி நங்கூரத்தை இறக்கினார். கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தார். "இரண்டு பாகம் தண்ணிக்கு இவ்வளவு கயிறா நானா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நங்கூரம் பாரத்தால பிடிக்கிறதில்ல ஹஸ்ரத். அதுட பல்லு சேத்துக்குள்ள இறங்கணும். கயிறு கட்டையா இருந்தா மேல இழுத்துப் பல்லைக் கிளப்பிப் போடும். தாராளமா விட்டாத்தான் கயிறு தரையோட படுத்து இழுக்கும். அப்பதான் பிடிக்கும்" என்றார். ஆழத்தைப் போல் ஐந்து, ஆறு மடங்கு கயிறு விடுவது அவர்கள் வழக்கமாம்.

குடும்பத்திலும் இதுதானே உண்மை! கயிற்றைக் கட்டையாகப் பிடித்து ஒவ்வொரு சொல்லுக்கும் வெடுக்கென்று இழுக்கும் கணவன், வீட்டை நிலைநிறுத்துவதாக எண்ணிக்கொண்டு அதன் பிடியையே கிளப்பிவிடுகிறான். பொறுமை என்னும் கயிறு நீளமாக இருக்கும் வீடு காற்றடித்தாலும் இழுபட்டுப் போவதில்லை.

நங்கூரம் என்ற சொல் பாரசீகத்தின் 'லங்கர்' என்பதிலிருந்து வந்தது. மாலுமி என்பது அரபியின் 'முஅல்லிம்'. சுக்கானும் அரபிச் சொல்லே. அரபு நாட்டுக் கப்பல்கள் நம் கரைகளில் நின்று நின்று போனதற்கு இச்சொற்களே சாட்சி. 1344ஆம் ஆண்டு இப்னு பதூதா மாலைதீவிலிருந்து வந்து இறங்கியது புத்தளத்தில்தான். அவர் பாவா ஆதம் மலைக்குச் சென்று திரும்பும்வரை அவருடைய கப்பல் அங்கே காத்து நின்றது. பிறகு அதே கப்பலில் தமிழகக் கரையை நோக்கிப் புறப்பட்டவர் கடும் புயலில் அகப்பட்டுத் தப்பினார்.

அல்குர்ஆனில் ஹூத் அத்தியாயத்தின் 41ஆம் வசனத்தை நாம் அடிக்கடி ஓதுகிறோம். நூஹ் (அலை) அவர்கள் தம் மக்களைக் கப்பலில் ஏறச் சொன்னபோது, அது ஓடுவதையும் அது நிலைகொள்வதையும் அல்லாஹ்வின் பெயரோடு சேர்த்தே சொன்னார்கள். நிலைகொள்வதற்கு அங்கே வரும் சொல் 'முர்ஸா'. பூமியை அசையாமல் நிறுத்தும் மலைகளை அல்குர்ஆன் 'ரவாஸி' என்கிறதே, அதுவும் இதே வேரில் பிறந்த சொல்தான். ஓட்டம் மட்டும் இபாதத் அல்ல, நிற்பதும் அவன் பெயரால் ஆகலாம் என்பதை நான் பல வருடங்கள் ஓதிக் கொடுத்திருக்கிறேன். படகில் அமர்ந்திருந்தபோதுதான் அது மனதில் இறங்கியது.

ளுஹர் நேரம் வந்தது. குடிதண்ணீர் குறைவாக இருந்ததால் களப்பு நீரிலேயே வுழூச் செய்தோம். கடல்நீர் சுத்தமானது என்று நபி (ஸல்) அவர்கள் கடற்பயணிகளுக்கு விளக்கியிருக்கிறார்கள். பயணிகளாகையால் ளுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழுதோம். படகிலும் நிற்க முடிந்தவர் நின்றே பர்ளைத் தொழவேண்டும். தலைசுற்றலோ விழுந்துவிடும் அச்சமோ உள்ளவர் அமர்ந்து தொழலாம். உம்மா அமர்ந்து தொழுதார்கள். நங்கூரமிட்ட படகு காற்றுக்கு முகம் கொடுத்தே நிற்கும். காலையில் கரைக்காற்றுக்குக் கிழக்கே பார்த்திருந்த படகு, கடற்காற்று எழுந்ததும் மேற்கே திரும்பத் தொடங்கியது. படகு திரும்பத் திரும்ப நாங்கள் தொழுகையிலேயே கிப்லாவின் பக்கம் திரும்பிக்கொண்டோம். சூழல் திரும்பினாலும் முகம் மாறக்கூடாது என்பதே ஷாபிஈ மத்ஹபின் சட்டம்.

தொழுகை முடிந்து சோற்றுப்பொதிகளை அவிழ்த்தோம். அப்போது ஒன்றைக் கவனித்து வெட்கப்பட்டேன். படகு நின்றது, நான் நின்றேன், பிள்ளைகள் விளையாடினார்கள். என் மனைவி மட்டும் நிற்கவில்லை. பரிமாறுவதும் துடைப்பதும் தேநீர் ஊற்றுவதுமாகவே இருந்தாள். வீட்டில் பார்த்துப் பழகிய காட்சி என்பதால் இதுவரை என் கண்ணில் படவில்லை. நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்கு உதவியாக இருந்ததை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஓயாமல் வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம், உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் உரிமை உண்டு என்று நபிகளார் உணர்த்தியதும் நாம் அறிந்ததே. கோப்பைகளை அவள் கையிலிருந்து வாங்கி நானே கழுவினேன். அவள் படகின் ஓரமாய் அமர்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சகோதரிகளே! ஓய்வு கேட்பது சோம்பல் அல்ல. சகோதரர்களே! அவர்கள் கேட்கும்வரை காத்திருப்பது நமக்கு அழகல்ல. வாரத்தில் ஒரு பொழுதாவது வீட்டுத் தாய்க்கு நங்கூரமிடும் நேரம் கொடுங்கள். அதற்குக் கற்பிட்டிவரை போகத் தேவையில்லை. அடுப்படியில் நாம் ஒரு மணிநேரம் நின்றால் போதும்.

பொழுது சாயத் தொடங்கியபோது உறவினர் நங்கூரத்தை இழுத்தார். அதன் பல்லில் கறுப்புச் சேறு ஒட்டியிருந்தது. உம்மா களப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்டைக்கு இந்தத் தண்ணிய நான் பாக்கவே இல்ல மகன். உங்களத்தான் எண்ணி எண்ணிப் பாத்துக்கொண்டு வந்தன். இண்டைக்குத்தான் தண்ணியப் பாத்தன்" என்றார்கள்.

நம் ஓட்டத்தையும் நம் நிற்றலையும் வல்ல அல்லாஹ் தன் பெயரால் ஆக்கி, நம் வீடுகளை நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.