மந்தைவெளிச் சாலைக்கு அடியில் ஓர் அறை

சென்னை மந்தைவெளியில் ஆர்.கே. மடம் சாலையைத் தோண்டினால் என்னவெல்லாம் தட்டுப்படும்? மெட்ரோ வாட்டரின் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்வாரியத்தின் கேபிள், இன்டர்நெட் கேபிள்கள், ஓரத்தில் மாநகராட்சியின் மழைநீர் வடிகால். அவரவர் தனித்தனியாக ‘ரோடு கட்’ அனுமதி வாங்கித் தோண்டுகிறார்கள். ஒருவர் மூடிய இடத்தை அடுத்தவர் திறக்கிறார். மழையில் அந்த ஒட்டு உள்வாங்குகிறது.

இதற்கு மாற்றுதான் பொதுப் பயன்பாட்டுச் சுரங்கம். ஆள் நடந்து போகும் உயரத்தில், சாலைக்குக் கீழே ஒரு நீளமான கான்கிரீட் அறை. ஒரு சுவரில் மின்கேபிள்கள், எதிர்ச்சுவரில் தொலைபேசிக் கேபிள்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் மின்தூண்டல் தொலைபேசியின் செம்புக் கம்பியில் இரைச்சலைக் கிளப்பும். கீழே குடிநீர்க் குழாய். கேபிள்கள் சூடாகும் என்பதால் காற்றோட்ட விசிறிகள் வேண்டும். பழுது வந்தால் ஊழியர் படியிறங்கிப் போய்ச் சரிசெய்வார். மேலே போக்குவரத்து நிற்காது. கழிவுநீர் மட்டும் பெரும்பாலும் வெளியேதான். அது சரிவை நம்பி ஓடுவது, அறையின் மட்டத்துக்குக் கட்டுப்படாது.

லண்டனில் கேரிக் தெருவுக்கு அடியில் 1861இலேயே இப்படிக் கட்டிவிட்டார்கள். ஜப்பான் 1963இல் தனிச் சட்டமே இயற்றியது. சிங்கப்பூரின் மரீனா பேயிலும் குஜராத்தின் கிஃப்ட் சிட்டியிலும் உண்டு. ஆனால் கடைசி இரண்டும் புதிதாக எழுப்பிய நகரப் பகுதிகள். குடியிருப்பு நெருங்கிய பழைய ஊரில்தான் இது கடினம்.

மந்தைவெளியில் தண்ணீரும் ஒரு சவால். கடல் அருகில், நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். உள்ளே வெற்றிடமுள்ள அறையை அந்த நீர் மேல்நோக்கித் தள்ளும். கசிவை இறைக்க பம்பும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். மெட்ராஸ் இந்தப் பாடத்தை முன்பே படித்திருக்கிறது. 1895இல் இங்கே ஓடத் தொடங்கிய மின்சார டிராமுக்குத் தரைக்கடியில் ஒரு கால்வாய் வழியாகத்தான் மின்சாரம் வந்தது. மழைநீர் புகுந்து கெடுத்ததால், பிறகு கம்பியைத் தலைக்கு மேலே கொண்டு போனார்கள். வடிகாலைக் கடைசியில் யோசிக்கும் எந்தத் திட்டமும் இந்த மண்ணில் நிற்காது.

அப்படியானாலும் இங்கே ஒரு வாய்ப்பு திறந்திருக்கிறது. மாதவரம்–சிறுசேரி மெட்ரோ வழித்தடத்தில் மந்தைவெளி ஒரு சுரங்க நிலையம். இப்படிப்பட்ட நிலையம் கட்டும்போது மேலே கிடக்கும் குழாய்களையும் கேபிள்களையும் இடம் மாற்றியே ஆக வேண்டும். எப்படியும் ஒருமுறை எல்லாம் வெளியே வருகிறது. திரும்ப மண்ணுக்குள் புதைக்காமல், அந்த நீளத்துக்காவது ஒரே அறையில் சேர்த்து வைக்கலாம். செலவு முதலில் கூடும்தான். அதைச் சம்பந்தப்பட்ட துறைகளும் நிறுவனங்களும் பங்கிட்டுக்கொண்டால் தாங்கும்.

உங்கள் வார்டு ஏரியா சபைக் கூட்டத்தில் கேளுங்கள்: சாலையை மூடுவதற்கு முன் அடியில் எதை, யார், எந்த வரைபடப்படி வைக்கிறார்கள்?