ஸ்பிரிங் மாற்றிய பின்

சகோதரிகளே! பதுளைத் தோட்டங்களில் கொழுந்து லொறி ஓட்டும் கணவரோ மகனோ உங்கள் வீட்டிலிருந்தால் இவ்விடயம் உங்களுக்கும் உரியதே. "ஸ்பிரிங் மாற்றியாயிற்று, இனிக் கவலையில்லை" என்பார். கவனம் தேவைப்படுவது அதன் பிறகுதான்.

ஸ்பிரிங் தகடுகளை அச்சோடு இறுக்கிப் பிடிப்பவை 'யூ' போல்ட்டுகள். மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிப் பூட்டியது அளவில் சற்றுப் பிசகினாலும் இறுக்கம் நிலைக்காது. நல்ல பாகமானாலும், முதற் சுமைகளில் தகடுகள் படியப் படிய நட் தளரும். ஆகவே சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் மீண்டும் இறுக்கியே ஆகவேண்டும். பலர் மறப்பது இதைத்தான். தளர்ந்தபடியே ஓடினால் தகடுகளைக் கோத்த நடு போல்ட் முறியும். அச்சு இடம் பெயரும். லொறி ஒரு பக்கம் இழுக்கும். கழற்றிய பழைய யூ போல்ட்டையே திரும்பப் பூட்டுவதும் சிக்கனமல்ல. இறுக்கத்தில் அது ஏற்கெனவே நீண்டிருக்கும்.

2021 மார்ச் 20இல் பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்டதை மறந்திருக்கமாட்டீர்கள். அச்சம்பவம் வேறு, ஆனால் நம் பாதைகளில் வண்டி சற்று விலகினால் என்னவாகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இன்றிரவு அவர் வந்ததும் கேளுங்கள்: பூட்டிய பின் மறுபடி இறுக்கினார்களா? நட்டைச் சுற்றிச் செந்துருத் தூள் தெரிகிறதா? தெரிந்தால், நாளை கொழுந்து ஏற்றுமுன் லொறி கராஜுக்குப் போகட்டும்.