ஐந்து நிமிடம்தானே என்று விடலாமா?

மண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போகிறது நம் வேன். இரண்டு மூட்டை இறக்கும் ஐந்து நிமிடத்துக்குக் கதவைப் பூட்டுவானேன் என்று நினைக்கிறோம். திருடனுக்கு அந்த ஐந்து நிமிடம் போதும்.

வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிட முடியாது. வாகன பாலிசி வண்டிக்குத்தான். உள்ளே இருக்கும் எண்ணெய் டின்னுக்கும் ஏலக்காய்க்கும் அல்ல. சரக்குக்குத் தனி பாலிசி எடுக்க வேண்டும். ஆளில்லாமல் நிறுத்திய வண்டியில் திருட்டுப் போனால் பணம் கிடைக்குமா என்று எடுக்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

பின்கதவில், வண்டியோடு வந்த பூட்டு போதாது. கனமான பூட்டு இன்னொன்றும் போடுவோம். இரவில் பின்கதவு சுவரை ஒட்டி இருக்கும்படி வெளிச்சத்தில் நிறுத்துவோம். வசூல் பணத்தை வண்டியில் வைக்க வேண்டாம். ஏற்றிய சரக்கின் பட்டியல் நகல் கடையிலும் இருக்கட்டும்.

இதையும் மீறித் திருட்டுப் போனால், எதையும் தொடாமல் உடனே போலீசில் புகார் கொடுத்து, எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகப் பெறலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 305-ஆம் பிரிவின்படி, சரக்கு வாகனத்திலிருந்து திருடினால் 7 ஆண்டு வரை சிறை உண்டு. நஷ்டம் சின்னதுதானே என்று நாம் பேசாமல் இருந்தால், நாளை பூட்டு உடைபடுவது பக்கத்துக் கடைக்காரர் வண்டியாக இருக்கும்.