உஷார்! அந்தச் சின்ன ஃப்ரிட்ஜைத் துளைக்கும் முன்

டிரில்லைக் கீழே வையுங்கள். ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து ஓரடி நகர்த்தி, பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். குளிர்வாயு என்ற இடத்தில் ஆர்-600ஏ என்று போட்டிருக்கிறதா? அது ஐசோபியூட்டேன். சிகரெட் லைட்டரில் எரிகிறதே, அந்த பியூட்டேனின் குடும்பம்தான். சின்ன ஃப்ரிட்ஜில் இருப்பது இருபது முப்பது கிராம்தான், உண்மை. ஆனால் 25 கிராம் வெளியே வந்தால் பத்து லிட்டர் வாயு. காற்றில் 1.8 விழுக்காடு கலந்தாலே பற்றிக்கொள்ளும் சரக்கு இது. 125 லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டிக்குள் இரண்டேகால் லிட்டர் கசிந்தால் முடிந்தது கதை. பக்கத்தில் உங்கள் கையில் சுற்றிக்கொண்டிருக்கும் டிரில் மோட்டாருக்குள் நீலமாகப் பொறி பறப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

விஷயம் இதுதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வீட்டிலேயே பீர் வடிக்கிறவர்கள் ஏராளம். வடித்ததைப் புட்டி புட்டியாக அடைத்து அலுத்துப்போய், ஒரு கட்டத்தில் கெக்குக்கு மாறுவார்கள். கெக் என்பது எஃகுப் பீப்பாய். அதை ஒரு ஃப்ரிட்ஜுக்குள் வைத்து, கரியமில வாயு சிலிண்டரை இணைத்து, மேலே ஒரு திருகுகுழாய் பொருத்திவிட்டால் வீட்டிலேயே பார். கெகரேட்டர் என்று பெயர். கடையில் புதிதாக வாங்கினால் 500 டாலரைத் தாண்டுவது சாதாரணம். கல்லூரி விடுதியைக் காலி செய்யும் பையனிடம் அடிமாட்டு விலைக்கு ஒரு மினி ஃப்ரிட்ஜ் கிடைக்கும். மீதியை நாமே செய்துகொண்டால் என்ன என்று கை பரபரக்கும்.

சட்டம் அங்கே குறுக்கே நிற்பதில்லை. அமெரிக்காவில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978ல் கையெழுத்திட்ட சட்டம், வயதுவந்தவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 100 காலனும், இருவரோ கூடுதலோ இருந்தால் 200 காலனும் வடித்துக்கொள்ளலாம் என்றது. கடைசிவரை முரண்டுபிடித்த மிசிசிப்பி, அலபாமா மாநிலங்களும் 2013ல் இறங்கிவந்தன. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் உயிரோடு இருக்கிறது. உரிமம் இல்லாமல் வடித்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். ஆகவே இந்த எச்சரிக்கை, சட்டம் அனுமதிக்கும் ஊர்களில் கேரேஜிலும் நிலவறையிலும் கருவிப்பெட்டியைத் திறந்து வைத்திருக்கும் நண்பர்களுக்கு.

ஃப்ரிட்ஜ் பழையது என்பதோ மலிவு என்பதோ என் கவலை இல்லை. அது சின்னது. ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது. இடம் இல்லாததால் சுவருக்குள் குழாயைப் புதைக்கிறார்கள் தயாரிப்பாளர்கள். இடம் இல்லாததால் சிலிண்டரைப் படுக்க வைக்கிறோம் நாம். வீட்டிலும் இடம் இல்லாததால் காற்றோட்டமில்லாத மூலையில் கொண்டுபோய் நிறுத்துகிறோம்.

குழாயை முதலில் பார்ப்போம். பழைய ஃப்ரிட்ஜுகளின் முதுகில் கறுப்புக் கம்பி வலை ஒன்று தெரியும். வெப்பத்தை வெளியேற்றும் காயில் அதுதான். இப்போது வரும் சின்ன ஃப்ரிட்ஜுகளில் அந்த வலையைக் காணோம். எங்கே போயிற்று? இடது, வலது பக்கத் தகட்டுக்கு அடியில். சிலவற்றில் மேல்தகட்டுக்கு அடியிலும். அரைமணி நேரம் ஓடவிட்டுப் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் அங்கே துளை போடக்கூடாது.

மேல்பக்கத்துக்கு அனுபவசாலிகள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சோளமாவை வோட்காவில் குழைத்து, மேல்தகடு முழுக்க மெல்லிசாகப் பூசிவிட்டு, ஃப்ரிட்ஜைப் போடுவார்கள். அடியில் சூடான குழாய் ஓடினால் அதன் மேலிருக்கும் மாவு முதலில் காயும். ஈரமான சாம்பல் நிறத்துக்கு நடுவே வெள்ளைக் கோடு ஒன்று வளைந்து வளைந்து எழும். அதைப் பென்சிலால் வரைந்துகொண்டு, கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளித் துளைக்க வேண்டும். அப்போதும் ஒரே மூச்சில் அடித்தளம் வரை இறக்கக்கூடாது. வெளித்தகட்டை மட்டும் வட்டமாக வெட்டி எடுத்து, கீழே இருக்கும் மஞ்சள் நுரையை விரலாலும் மரக்குச்சியாலும் கிள்ளிக் கிள்ளி எடுத்துப் பார்த்துவிட்டு, குழாயோ கம்பியோ இல்லை என்று கண்ணால் கண்ட பிறகே உள்தகடு. ஒருமணி நேர வேலைதான். இதைச் செய்யச் சோம்பல்பட்டால் நடக்கக்கூடியது: “ஸ்ஸ்ஸ்” என்று ஒரு சத்தம். அதோடு ஃப்ரிட்ஜ் பிணம். அந்த வாயு எரியும் ரகமாக இருந்தால், அன்றைய நஷ்டம் ஃப்ரிட்ஜோடு நிற்காது.

இதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. மினி ஃப்ரிட்ஜின் உச்சியில் ஐஸ்கட்டி வைக்க ஒரு குட்டி அலுமினியப் பெட்டி தொங்குமே, அது கெக்குக்கு இடைஞ்சல். ‘பிடித்து மெதுவாகப் பின்னால் வளைத்துவிடு’ என்று யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தப் பெட்டியே குளிர்வாயு ஓடும் குழாய்தான்! மெல்லிய அலுமினியம். ஒருமுறை மடங்கினால் மடிப்பில் மயிரிழை விரிசல் விழும், கண்ணுக்குத் தெரியாது. இரண்டு வாரம் கழித்து ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்று தெரியவரும்போது வாயு எப்போதோ வெளியேறியிருக்கும். அலுமினியப் பெட்டி இல்லாமல் பின்சுவரிலேயே குளிரூட்டும் மாடலைத் தேடி வாங்குங்கள். வேறு வழி சொல்ல எனக்கு மனமில்லை.

அடுத்து சிலிண்டர். இங்கேதான் எனக்கு நிஜமாகவே பயம்.

வீட்டு உபயோகத்துக்கு வழக்கமாக வாங்குவது 5 பவுண்டு சிலிண்டர். உள்ளே கரியமில வாயு திரவமாக இருக்கும். 21 டிகிரி செல்சியஸில் அதன் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 850 பவுண்டு. பீரைக் குழாய் வழியே தள்ளுவதற்குத் தேவையானது 10, 12 பவுண்டுதான். 850ஐப் பன்னிரண்டாக இறக்கும் வேலை ரெகுலேட்டர் என்ற ஒற்றைப் பித்தளைக் கட்டியின் தலையில். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ரெகுலேட்டரை வாங்கி மாட்டுகிறீர்களே, அது எவ்வளவு பெரிய வேலையைச் செய்கிறது என்று யோசித்தீர்களா?

வீட்டு வடிப்பாளர்களின் 5 காலன் கெக்கின் உயரம் ஏறத்தாழ 63 சென்டிமீட்டர், அகலம் 23. இரண்டை உள்ளே வைத்தால் சிலிண்டருக்கு நிற்க இடமிருக்காது. கம்ப்ரஸர் மேட்டின்மேல் படுக்க வைத்துவிடலாம் என்று தோன்றும். கூடாது. நிமிர்ந்து நின்றால் வால்வுக்கு வருவது வாயு. படுத்தால் வருவது திரவம். திரவம் ரெகுலேட்டருக்குள் புகுந்து பொங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர்த் தகடு உறைந்து கிழியும், அழுத்தம் கட்டுமீறி நேரே கெக்குக்குப் போகும். சிலிண்டருக்கு இடமில்லை என்றால் வெளியே நிறுத்தி, சுவரில் சங்கிலி போட்டுக் கட்டுங்கள்.

பழைய தீயணைப்பான் சும்மா கிடைக்கிறது, அதிலும் இதே வாயுதானே என்பார் ஒருவர். வாயு அதேதான். ஆனால் அது திரவத்தைப் பீய்ச்சுவதற்கென்றே செய்தது. உள்ளே அடிவரை ஒரு குழாய் இறங்கியிருக்கும். நிமிர்த்தி வைத்தாலும் திரவம்தான் வரும். தொடாதீர்கள்.

அந்த 5 பவுண்டு முழுதும் கசிந்தால் என்ன ஆகும்? கணக்குப் போடலாம். 2.27 கிலோ திரவம் ஆவியானால் ஏறக்குறைய 1,240 லிட்டர். பத்தடிக்குப் பத்தடி, எட்டடி உயர அறை என்றால் சுமார் 22,600 லிட்டர் காற்று. ஐந்து விழுக்காட்டைத் தாண்டிவிடும். உடனடி உயிராபத்து என்று அமெரிக்கத் தொழில்நலத் துறையினர் வைத்திருக்கும் எல்லை 4 விழுக்காடு. அதுவும் சீராகப் பரவினால்தான் இந்தக் கணக்கு. இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையோடு தேங்கும். நிலவறையில் அது படியேறி வெளியே போகாது. தரையில் பாய்போட்டுப் படுத்திருக்கும் விருந்தாளியும், தவழும் குழந்தையும், நாயும் முதலில் மாட்டுவார்கள்.

சமையல் எரிவாயுவில் நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள், கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். கரியமில வாயுவுக்கு அந்த உதவி கிடையாது. தலைவலி, மூச்சு வாங்கல், படபடப்பு. குடித்தது ஏறிவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள்! இன்னொரு பெரிய ஏமாற்றம்: வீட்டுக் கூரையில் ஏற்கெனவே ஓர் அலாரம் இருக்கிறதே என்ற தைரியம். அது கார்பன் மோனாக்சைடு அலாரம். அறை முழுக்கக் கரியமில வாயு நிறைந்தாலும் அது வாய் திறக்காது. கரியமில வாயுவுக்கென்று தனி அலாரம் விற்கிறது. திருகுகுழாய் வாங்கும் காசில் கைவைத்தாவது அதை வாங்குங்கள்.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றுகிறதா? 2011 செப்டம்பரில் ஜார்ஜியா மாநிலத்தின் பூலர் நகரில், ஓர் உணவகத்தின் குளிர்பான எந்திரத்துக்கு வாயு கொண்டுபோன குழாய் கசிந்தது. கழிப்பறைக்குப் போன பெண்கள் மயங்கி விழுந்தார்கள். ஒருவர் பிழைக்கவில்லை. பீருக்குப் போடுவதும் அதே வாயு, அதே மாதிரிக் குழாய்தான்.

ஆகவே இணைப்புகள் முடிந்த அன்றே சோப்புத் தண்ணீரைக் குழைத்து ஒவ்வொரு மூட்டிலும் தெளியுங்கள். குமிழி ஒன்று மெல்ல உப்பினாலும் இறுக்கிவிட்டு மறுபடி தெளியுங்கள். இரவு சிலிண்டர் வால்வை மூடி, ரெகுலேட்டரின் அழுத்தமானி முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு தூங்கப் போங்கள். காலையில் முள் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. சிலிண்டரை நிரப்பிக்கொண்டு வரும்போது காரின் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே அழுத்தம் தாறுமாறாக ஏறும்.

கெக்கிலும் தரம் பார்த்து வாங்க வேண்டும். வீட்டு வடிப்பாளர்கள் விரும்புவது பழைய சோடா சிரப் கெக், 5 காலன் கொள்ளும், கார்னி என்பார்கள். மூடியில் அழுத்தம் விடும் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள், சில பழைய மூடிகளில் அது இருக்காது. மதுக்கடைக்காரரின் பெரிய கெக்கை யாராவது இருபது டாலருக்கு நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். முன்பணம் கட்டினாலும் அது வடிப்பாலையின் சொத்து, உங்களுக்கு விற்க அவருக்கு உரிமையில்லை. அதைவிட முக்கியம்: அதன் நடுவே இறங்கும் எஃகுத் தண்டை அழுத்தத்தை விடாமல் கழற்றினால் முகத்தை நோக்கிப் பாயும். பிளாஸ்டிக் கெக் இன்னும் மலிவு. 2012ல் நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத் நகர வடிப்பாலை ஒன்றில், காற்றழுத்தத்தால் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது பிளாஸ்டிக் கெக் வெடித்து ஒரு தொழிலாளி இறந்துபோனார். பயிற்சி பெற்றவர்கள் வேலை செய்யும் இடம் அது.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியை வெறும் முனைகளோடு வாங்கி, மேஜை விளக்கு வயரில் முறுக்கி டேப் சுற்றாதீர்கள். ஈரம் சொட்டும் இடம் அது. பிளக்கோடு வரும் தயார்க் கருவிக்குக் கொஞ்சம் கூடுதல் விலைதான்.

குடிக்கும் பீரையும் மறக்கக்கூடாது. பீர் புளிப்பானது, அதன் பிஎச் அளவு 4க்குக் கொஞ்சம் மேலே. முலாம் பூசிய மலிவுக் குழாயில் முலாம் தேய்ந்தால் பித்தளை வெளியே வரும். பித்தளையிலிருந்து செம்பும் ஈயமும் கரையும். பீர் படும் பாகம் எல்லாம் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். தோட்டத்து ஹோஸ் துண்டைச் செருகுகிறவர்களை என்னவென்று சொல்ல? பதினான்கு நாளுக்கு ஒருமுறை குழாயைக் காரக் கரைசலால் கழுவச் சொல்கிறது தொழில்முறை வழக்கம். சரிதான், ஆனால் அது தொண்டையைப் பொசுக்கும் காரம். கழுவியதும் நல்ல தண்ணீரை ஓடவிட்டு, லிட்மஸ் தாளால் சோதித்த பிறகே கெக்கை இணைக்க வேண்டும். பாதியில் போன் வந்து எழுந்து போகிறவர், குழாயில் ஒரு சீட்டாவது ஒட்டிவிட்டுப் போகட்டும்.

பதின்வயதுப் பிள்ளைகள் தொடக்கூடாதென்று வெளியே தாழ்ப்பாள் அடிப்பவர்களுக்கும் ஒன்று. தட்டுகளைக் கழற்றிய ஃப்ரிட்ஜ் ஒரு சின்னக் குழந்தை உட்காரும் பெட்டி. உள்ளே இருந்து தள்ளினால் திறக்க வேண்டும் என்று அமெரிக்கா 1956லேயே சட்டம் போட்டது, குழந்தைகள் மூச்சடைத்துச் செத்ததால்தான். நீங்கள் அடிக்கும் தாழ்ப்பாள் அந்தச் சட்டம் தடுத்ததைத் திரும்பக் கொண்டுவருகிறது. பூட்டுவதானால் திருகுகுழாயைப் பூட்டுங்கள்; அதற்கென்றே பூட்டு கிடைக்கிறது.

சிக்கனம் பிடிக்க இடமா இல்லை? ஃப்ரிட்ஜ் பழையதாக இருக்கட்டும். மேலே திருகுகுழாயைத் தாங்கும் கோபுரம் வேண்டாம், கதவில் ஒரு குழாய் போதும். கதவுக்குள் பெரும்பாலும் காயில் ஓடாது. மரவேலை, வர்ணம் எல்லாம் கைவேலை. சிலிண்டரை மட்டும் தெருவோரத்தில் வாங்காதீர்கள். அதன் தோளில் சோதனைத் தேதி பொறித்திருக்கும். ஐந்தாண்டு கடந்திருந்தால் நியாயமான கடைக்காரர் நிரப்ப மாட்டார். நிரப்புகிறேன் என்பவரிடம் போகவே வேண்டாம்.

கடைசியாக, வீட்டிலிருக்கும் எல்லோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள். ஃப்ரிட்ஜ் இருக்கும் அறையில் யாராவது சுருண்டு கிடப்பதைப் பார்த்தால், பதறி உள்ளே ஓடக்கூடாது. தூக்கப் போனவரும் பக்கத்திலேயே விழுந்த கதைகள் நிறைய. கதவையும் எட்டும் ஜன்னலையும் திறந்துவிட்டு, வெளியே நின்று உங்கள் ஊரின் அவசர எண்ணுக்கு அழைத்து, “கரியமில வாயு சிலிண்டர் இருக்கிற அறை” என்று முதல் வார்த்தையிலேயே சொல்ல வேண்டும். மூச்சுக்கவசம் இல்லாமல் தீயணைப்பு வீரர்களே உள்ளே நுழைய மாட்டார்கள்.